பிள்ளை சொல்லும் மழைக்கணக்கு

தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நீர்க்கரையிலிருந்தே கோயிலுக்கு வருகின்றது. ஆற்றோரத்திலோ ஓடைக்கரையிலோ கரகம் பாலித்து, பூவும் வேப்பிலையும் சூட்டி, தப்பொலி முன்செல்ல அம்பாளை அழைத்து வருவது முன்னோர் கடல் கடந்து கொண்டுவந்த வழக்கமாகும். மாரி என்ற சொல்லுக்கு மழை என்பதே பொருள். கடவுளை வாழ்த்திய அடுத்த அதிகாரத்திலேயே திருவள்ளுவர் மழையை வைத்தார். தேயிலைக்கும் இறப்பருக்கும் மழையையே நம்பி வாழும் மக்கள் அவளுக்கு முதலிடம் கொடுத்ததில் வியப்பில்லை.

சப்ரகமுவ மாகாணம் அந்த மழை தாராளமாகப் பெய்கின்ற மண். இரத்தினபுரியில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கின்றது. சிவனொளிபாதமலைச் சாரலில் பிறக்கும் நீர் ஒருபுறம் களுகங்கையாக இரத்தினபுரியைத் தழுவிச் செல்கின்றது. மறுபுறம் களனி கங்கையாகி எட்டியாந்தோட்டை வழியே கொழும்பை நோக்கிப் போகின்றது. இத்தனை நீருக்கு நடுவிலும் தை, மாசி மாதங்களில் பீலிக்கரையில் குடங்கள் வரிசையில் நிற்பதைப் பல தோட்டங்களில் காணலாம். வைகாசி பிறந்ததும் அதே பீலிக்கு மேலுள்ள மலையைப் பார்த்து மக்கள் அஞ்சுகின்றார்கள். நீர் இல்லாத அச்சமும் நீர் மிகுந்த அச்சமும் ஒரே ஆண்டுக்குள் ஒரே வீட்டு வாசலுக்கு வந்துபோகின்றன.

இரண்டாவது அச்சத்திற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. 2003 மே மாதத்தில் பெய்த பெருமழையில் இரத்தினபுரி மாவட்டமே வெள்ளத்திலும் மண்சரிவிலும் அகப்பட்டது. அந்த ஒரு அனர்த்தத்தில் நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய மூன்று ஊர்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கும் மேற்பட்டோரை அந்த மலை கொண்டுபோயிற்று. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயங்களின் மேல் விழுந்து தொழிலாளர் குடும்பங்களைப் புதைத்தது. மறு ஆண்டு மே மாதம் குக்குலே கங்கைப் பகுதியில் ஒரே நாளில் 550 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களோடு கேகாலையும் மண்சரிவுகளால் துயருற்றது.

இந்த நிலையில், பாடசாலை மாணவர்களை நீரையும் மலையையும் காக்கும் பணியில் சேர்க்கவேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கின்றது. கேட்பதற்கு நல்ல பேச்சு. ஆனால் அது சரியா என்பது ஆழ்ந்து எண்ணிப் பார்க்கவேண்டிய தர்மக் கேள்வியாகும். மலையைக் காப்பது யாருடைய கடமை? அரசுடையதா, தோட்ட நிர்வாகத்துடையதா, பெற்றோருடையதா? இவர்களெல்லாம் இருக்கும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் அதைச் சுமத்துவது நியாயமா?

தோட்டத்து மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மற்றவர்களைவிட அதிக உரிமை உடையவர்கள். பிள்ளைகளிடம் வேலை வாங்கிய வரலாறு அவர்களுடைய வரலாறு. தாய் கொழுந்தெடுக்கும் மலைக்கே பிள்ளையும் கூடையோடு போன காலம் ஒன்றிருந்தது. 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கவேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களைப் பணிக்க 1920ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தேவைப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் ஒற்றை அறையில் ஒரே ஆசிரியரோடு தோட்டப் பாடசாலைகள் பல தசாப்தங்கள் கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அரும்பாடுபட்டுப் பிள்ளையைப் புத்தகத்தின் முன் உட்காரவைத்த ஒரு தாய், "மறுபடியும் மண்வெட்டியைக் கையில் கொடுக்கப் போறீங்களா?" என்று கேட்டால், அவரைக் குறை கூற எவருக்கும் வாயில்லை.

உண்மையில் மாணவர் பங்களிப்பு என்ற பெயரில் நடப்பவற்றுள் பல, பிள்ளைகளின் உடம்பை மட்டுமே கேட்பவை. யூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் வந்தால் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு கன்றைக் கொடுத்து, படமெடுத்துக்கொள்கின்றார்கள். அடுத்த வாரம் அந்தக் கன்றை ஆடு தின்றதா மழை கொண்டுபோனதா என்று கேட்பார் இல்லை. சிரமதானம் என்றால் பெரியவர்கள் போட்ட பொலித்தீனைப் பிள்ளைகள் பொறுக்குகின்றார்கள். அடைபட்ட கானை வெட்டித் துப்புரவாக்குவது தோட்டத்தின் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. அதைப் பிள்ளைகளைக் கொண்டு இலவசமாகச் செய்விப்பது சேவையாகாது. வெள்ளம் வடிந்த சேற்றில் இறக்குவதோ பாவமே ஆகும். இரத்தினபுரிப் பக்கத்தில் எலிக்காய்ச்சல் எத்தனை உயிர்களைக் கொண்டுபோகின்றது என்பது ஊரறிந்த விடயம்.

ஆகவே பிள்ளையின் உடலுழைப்பு என்ற வழி அடைபடட்டும். அடைத்த பின்னும் இன்னொரு வழி திறந்திருக்கின்றது. அது பிள்ளையின் கண்ணையும் கணக்கையும் கேட்பது.

மலை சரிவதற்கு முன் சொல்லாமல் சரிவது அரிது. சரிவான நிலத்தில் கெட்டியான பாறைக்கு மேல் உக்கிய பாறையும் மண்ணும் போர்வைபோல் கிடக்கின்றன. தொடர்மழையில் நீர் இறங்கி மண்ணின் நுண்துளைகளை நிரப்பும்போது போர்வை பாரமாகின்றது. உள்ளே தேங்கும் நீர் மண்ணைப் பாறையிலிருந்து தூக்கித் தளர்த்துகின்றது. மண்ணிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரம், சாயும் மின்கம்பம், இல்லாத இடத்தில் திடீரெனப் புறப்படும் ஊற்று, இருந்த ஊற்று சட்டென்று வற்றுதல், தெளிவாக வந்த நீர் கலங்கி வருதல் என்பன எல்லாம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துக்கூறும் அடையாளங்கள். கொட்டும் மழையிலும் ஓடையில் நீர் குறைகின்றதென்றால் மேலே எங்கோ மண் விழுந்து வழியை அடைத்துவிட்டது என்று பொருள். இவற்றை முதலில் காண்பவர் யார்? காலையில் பீலிக்குப் போகும் பெண்ணும் பிள்ளையும்தான். ஒற்றையடிப் பாதையில் இரண்டு மைல் நடந்து பாடசாலைக்குப் போகின்ற பிள்ளைக்கு நேற்று இல்லாத வெடிப்பு இன்று இருப்பது தெரியும். கந்தோரில் இருப்பவருக்கு அது தெரியாது.

கண்ணுக்கு அடுத்தது கணக்கு. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 24 மணிநேரத்தில் 150 ஆனாலோ ஒரே மணிநேரத்தில் 75 ஆனாலோ சரிவு அபாயமுள்ள இடத்தை விட்டு உடனே விலகவேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் அறிவுரை. அபாயமுள்ள பகுதிகளில் எளிய மழைமானிகளைக் கொடுத்து, ஊராரையும் மாணவரையும் வாசிக்கப் பழக்கியும் வந்துள்ளது. மழைமானி பெரிய பொறி அன்று. பக்கம் நேரான ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியின் மேடுபள்ளத்தைக் கூழாங்கல்லும் நீரும் இட்டுச் சமமாக்கி, அந்த நீர்மட்டத்தைச் சுழியமாகக் குறித்து, அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் போதும். கூரையும் மரமும் மறைக்காத வெளியில் அதனை நிறுத்தவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் நாட்டின் மழையைக் காலை 8.30க்கு அளக்கின்றது. அந்த நேரத்தில் பிள்ளையும் பாடசாலையில்தான் இருக்கின்றது. ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தில் ஏழாம் வகுப்புக் கணிதம் முழுவதும் உயிர் பெற்றுவிடுகின்றது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். அப்படியானால் 150 மில்லிமீற்றர் மழையில் லயத்திற்கு மேலுள்ள ஒரு ஏக்கர் தேயிலை மலையில் விழும் நீர் ஆறு இலட்சம் லீற்றருக்கு மேல். 6,000 லீற்றர் பவுசர் நூறு வந்து ஒரே ஏக்கரில் கொட்டியதற்குச் சமம். கான்கள் ஒழுங்காக இருந்தால் அதில் பெரும்பகுதி வழிந்தோடும். மண்மூடிக் கிடந்தால் உள்ளே இறங்கும். கான் ஏன் வெட்டவேண்டும் என்று துரைக்கு மனு எழுதுவதற்கு இந்தக் கணக்கைவிடச் சிறந்த வாசகம் கிடையாது.

வறட்சிக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. பத்து லீற்றர் வாளி பீலியில் நிரம்ப எத்தனை வினாடி என்று வாரம் ஒருமுறை பார்த்து எழுதினால் போதும். இருபது வினாடியில் நிரம்பினால் அந்த ஊற்று நாளொன்றுக்கு 43,200 லீற்றர் தருகின்றது. மேலே காட்டை வெட்டிய பின் அது நாற்பது வினாடி ஆனால், பாதி ஊற்று போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதுவரை சொன்னதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்காது. பிள்ளை அளக்கலாம், எழுதலாம், கற்கலாம். சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகின்றது. பிள்ளை 110 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கும்போது பெரியவர் என்ன செய்யப் போகின்றார்?

கந்தபுராணக் கதையை அறியாத அடியார் இல்லை. பிரணவத்தின் பொருள் தெரியாத பிரமனைக் குமரக் கடவுள் சிறையில் இட்டார். பிறகு சிவபெருமானே மைந்தனை நோக்கிப் பொருள் கேட்டார், மைந்தன் குருவானான், தந்தை வாய் பொத்திச் செவி சாய்த்தார். அதனால் முருகன் சுவாமிநாதன் ஆனான், தகப்பன்சாமி ஆனான். இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளையின் பெருமையையே எல்லாரும் பேசுகின்றார்கள். தந்தையின் செயலை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. எல்லாம் அறிந்த பரம்பொருளுக்குப் பிரணவத்தின் பொருள் தெரியாமலா கேட்டது? கேட்பது எப்படி என்று உலகத்துத் தகப்பன்மாருக்குக் காட்டவே அவர் குனிந்தார். அந்தத் திருவிளையாடலில் கடினமான பங்கு தந்தையுடையதே. சொல்வதற்கு அறிவு போதும். சிறியவர் சொல்லக் கேட்பதற்குப் பெரியவர் தம் பெருமையைக் கீழே வைக்கவேண்டியிருக்கின்றது.

இலங்கை மண்ணில் வழங்கும் எல்லாளன் கதையும் இதையே காட்டுகின்றது. கன்றை இழந்த பசு மணியை இழுத்ததையும், மன்னன் தன் மகனென்றும் பாராமல் நீதி வழங்கியதையும் மகாவம்சமே சொல்கின்றது. அரண்மனை வாசலில் மணி கட்டிய அரசர்கள் பலர் இருந்திருக்கலாம். எல்லாளனுக்குப் பெயர் நின்றது, மணி அடித்தபோது எழுந்து வந்ததனால்.

எழுந்து வராதபோது என்ன நடக்கும் என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தை சாட்சி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அந்தத் தோட்டத்து லயங்களை மலை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவித்தோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். போவதற்கு மாற்று நிலம் தரப்படவில்லை என்று மக்கள் சொன்னார்கள். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். மாலையில் திரும்பிவர அவர்களுக்கு வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அங்கே அளவு தெரியாமல் போகவில்லை. தெரிந்த அளவுக்குக் காதில்லாமல் போயிற்று.

யப்பானில் 2011 மார்ச் 11ஆம் திகதி ஆழிப்பேரலை வந்த நாளில் இரண்டு இடங்களில் நடந்தவை இதற்கு ஒப்பிடத்தக்கவை. கமாயிஷி நகரில் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு அனர்த்தக் கல்வி புகட்டப்பட்டிருந்தது. நிலம் அதிர்ந்ததும் பெரிய வகுப்பு மாணவர்கள் தாமாகவே ஓடத் தொடங்கி, சிறிய வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். அவர்கள் ஓடுவதைக் கண்டு ஊராரும் ஓடினார்கள். பாடசாலையிலிருந்த ஏறத்தாழ 3,000 மாணவர்கள் பிழைத்தனர். இஷினோமாக்கி நகரத்து ஒக்காவா ஆரம்பப் பாடசாலையிலோ, பின்புறத்திலேயே குன்று இருந்தும், ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிள்ளைகள் முற்றத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள். மலைக்கு ஏறுவோம் என்று பிள்ளைகள் சிலர் சொன்னதாகத் தப்பியவர்கள் பின்னர் கூறினர். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டனர். பெற்றோர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று, பொறுப்பு நிர்வாகத்துடையதே என்று 2019இல் முடிவானது. பிள்ளைகள் அங்கும் அறிந்தேயிருந்தார்கள்.

2004இல் சுனாமி வந்த காலையில் தாய்லாந்துக் கடற்கரையில் நின்ற டில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமியின் கதையைப் பலரும் அறிவர். இரண்டு வாரத்திற்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை நினைவில் வைத்துக் கடல் நுரைப்பதைக் கண்டு கத்தினாள். நூறு பேரளவில் தப்பினார்கள். அவளைப் புகழ்வது தகும். அவள் சொல்லைக் கேட்டுக் காவலாளியிடம் ஓடிய தகப்பனையும், நம்பிக் கரையைக் காலிசெய்வித்த விடுதிப் பணியாளர்களையும் சேர்த்தல்லவா புகழவேண்டும்?

சப்ரகமுவத் தோட்டங்களில் இந்தக் காது பலவிதத்தில் அடைபட்டிருக்கின்றது. "பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை?" என்ற சொல் வீட்டுக்கு வீடு உண்டு. "பீலியில தண்ணி கலங்கலா வருது தாத்தா" என்று பேரப்பிள்ளை சொன்னால், "மழைக்காலத்துல கலங்காம என்ன செய்யும்" என்று முடித்துவிடுகின்றார்கள். பெண்பிள்ளை சொன்னால் அந்தப் பதிலும் கிடைப்பதில்லை. மொழியும் ஒரு தடை. இங்கே தமிழ்க் குடும்பங்கள் சிங்கள ஊர்களுக்கு நடுவில் சிதறி வாழ்கின்றன. 2025 புயலின்போது எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவிலும் உரிய நேரத்திலும் வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. பல வீடுகளில் சிங்களத்தை வாசித்துப் பொருள் சொல்பவர் பிள்ளைதான். கடிதத்திற்கும் மருந்துச் சீட்டுக்கும் அந்தப் பிள்ளையை நம்புகின்ற வீடு, மழைக்கு மட்டும் நம்ப மறுப்பது வேடிக்கையாகவே இருக்கின்றது. தமிழில் எச்சரிக்கை தருவது அரசின் கடன் என்பதும், பிள்ளை மொழிபெயர்ப்பதால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது என்பதும் வேறு விடயம்.

"அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று சொல்வதும் உண்டு. அந்த நம்பிக்கையைப் பழிக்கலாகாது. அதுவே இந்த மக்களை இருநூறு ஆண்டுகளாகத் தாங்கி வந்திருக்கின்றது. ஆனால் கலங்கிய ஊற்றையும் வெடித்த மண்ணையும் அனுப்பியவள் அவளே என்று எண்ணினால், பார்க்கவேண்டியவற்றை அவள் காட்டிவிட்டாள் என்றே பொருளாகும். மண்ணில் புதைந்தவர்களைப் பற்றி "அவர்கள் செய்த வினை" என்று பேசுவது இதனிலும் கொடியது. வெட்டப்படாத கானுக்கும் கொடுக்கப்படாத காணித்துண்டுக்கும் இறந்தவரின் முற்பிறப்பைக் கணக்கில் எழுதுவது தர்மமாகாது.

மாணவர்களை இந்தப் பணியில் சேர்ப்பதை எதிர்ப்பவர்கள் சொல்லும் முதற்காரணம், இது அரசும் கம்பனியும் செய்யவேண்டியது என்பதாகும். அது முற்றிலும் சரி. ஆயினும் பிள்ளையின் கொப்பி அந்தப் பொறுப்பை அவர்களிடமிருந்து எடுத்துவிடுகின்றதா, இன்னும் இறுக்கமாக அவர்கள் மேல் கட்டுகின்றதா என்று பார்க்கவேண்டும். அறியாமல் விட்டவனுக்கு ஒரு சாக்கு உண்டு. எழுதிக் கொடுத்த பின் அந்தச் சாக்கு இல்லை. மே மாதம் இன்ன திகதி 128 மில்லிமீற்றர், லயத்திற்கு மேற்கே வெடிப்பு, பீலி கலங்கல் என்று எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு தோட்டக் கந்தோருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்திற்கும் ஒவ்வொரு பிரதி போய்விட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்ற சொல் அதன்பின் செல்லாது. பிள்ளைகளின் கொப்பியைச் சில இடங்களில் விரும்பமாட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுவே. அதே கொப்பி பெற்றோரையும் ஆசிரியரையும் கோயில் பரிபாலன சபையையும் கட்டும் என்பதையும் மறக்கக்கூடாது. அளக்கச் சொல்லிவிட்டுக் கேளாமல் இருப்பவர், அளக்கச் சொல்லாதவரைவிடப் பெரிய பிழை செய்கின்றார். தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை ஒரு பிள்ளைக்குத் தினமும் காலை 8.30க்குப் பாடமாக்குகின்றார்.

பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் அதன் கருத்துக் கேட்கப்படவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் 12ஆம் உறுப்புரையில் சொல்கின்றது. இலங்கை 1991இல் அதனை ஏற்றுக்கொண்டது. சமவாயம் கருத்துக் கேட்கச் சொல்கின்றது. வெளியேறுவதா இருப்பதா என்ற முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிடச் சொல்லவில்லை. முடிவும் அதன் பாரமும் பெரியவருடையவை. 100 மில்லிமீற்றர் என்று பிள்ளை சொல்லி, நான்கு குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அன்றிரவு ஒன்றும் நடக்காமல் போகலாம். மறுநாள் பிரட்டுக்களத்தில் அந்தப் பிள்ளையைக் கேலி செய்தால், அடுத்த முறை அது வாய் திறக்காது. சரியாத மலை பிள்ளையைப் பொய்யாக்கிவிடாது. குடை கொண்டுபோன நாளில் மழை பெய்யாவிட்டால் குடையை எவரும் ஏசுவதில்லை.

கோயிலுக்கு இதில் உள்ள இடம் சிறிதன்று. லயத்து மக்கள் அனைவரும் வேற்றுமையின்றிக் கூடும் இடம் தோட்டத்தில் அது ஒன்றே. ஒலிபெருக்கி உண்டு, மணி உண்டு, மண்டபம் உண்டு. பூசை நேரம் எழுதும் பலகையில் அன்றைய மழையையும் எழுதலாம். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின், வாரக்கணக்கை எழுதிய பிள்ளையையே எழுந்து நின்று வாசிக்கச் சொல்லலாம். சபையில் தன் குரல் கேட்கப்பட்ட பிள்ளை, படமெடுப்பதற்காகக் கன்று நட்ட பிள்ளையைவிட வேறொரு பிள்ளையாக வளரும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடி வேலைத்திட்டத்தில் சேர்ந்துள்ள மாணவர்கள் இருக்கும் பாடசாலைகளில் இதற்கான ஆசிரியர் ஒருவர் ஏற்கெனவே இருப்பார். அவரைக் கோயிலுக்கு அழைத்துப் பேசுவது ஒரு தேநீர்ச் செலவு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்துகொள்ளவேண்டும். மண்டபத்தைப் புகலிடம் என்று அறிவிக்குமுன் அது நிற்கும் இடம் பாதுகாப்பானதுதானா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறியவேண்டும். ஓடைக்கரையிலும் சரிவின் கீழும் நிற்கின்ற கோயில்கள் பல. ஓடுகின்றவர்களை இன்னொரு ஆபத்துக்குள் அழைத்துவிடக்கூடாது.

இரவு மழையைப் பற்றியும் பேசித் தீர்க்கவேண்டியுள்ளது. பகல் வாசிப்பு பிள்ளையுடையது. இருட்டிலும் இடியிலும் டோர்ச் பிடித்துக்கொண்டு மழைமானிக்குப் போகும்படி எந்தப் பிள்ளையையும் அனுப்பலாகாது. அது பெரியவர்களின் முறை. மே, யூன் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் எந்த இரவுக்கு எந்த வீட்டார் விழித்திருப்பது, ஒரு மணிநேரத்தில் 75ஐத் தாண்டினால் யார் மணியடிப்பது, 117க்கு யார் அழைப்பது, நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது என்பவற்றைப் பெயர் போட்டு எழுதித் தொங்கவிடவேண்டும். பல கோயில்களில் ஒலிபெருக்கி அறையின் சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கின்றது. அவர் கொழும்புக்குப் போயிருந்தால் அறை பூட்டியே கிடக்கும். இரண்டாவது சாவி ஒன்றை வெட்டி, லயத்தில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைப்பது இந்த ஆண்டு மகாசபைக் கூட்டத்திலேயே முடிக்கக்கூடிய காரியம்.